மரம் மௌனம் கற்ற வரலாறு: வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள், 1925–1977

வீணைக்குப் பலா மரத்தைத் தேர்வது நாதத்துக்காக. ஒலிபெருக்கிப் பெட்டி செய்கிறவரும் பலகையை விரல் முட்டியால் தட்டித்தான் பார்க்கிறார். ஆனால் அவர் காதில் விழ வேண்டியது, தட்டியதும் அடங்கிவிடும் ஒரு 'டொக்'. பலகை கணீரென்று பதில் சொன்னால், ஒவ்வொரு பாட்டிலும் அது தன் குரலையும் சேர்த்துக்கொள்ளும். மரத்தை இப்படி வாயடைக்க வேண்டும் என்பது தெளிவாக ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. அந்தத் தெளிவில் ஆய்வகங்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு வீட்டுப் பட்டறையில் ரம்பம் பிடித்தவர்களுக்கும் உண்டு என்று கருதுகிறேன்.

தொடக்கம் 1925. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் சுருள் அசைந்து காகிதக் கூம்பை இயக்கும் ஒலிபெருக்கியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைய ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்கள்தாம். கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்பக்கம் இழுக்கிறது. இரண்டு அலைகளும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். முதலில் பலியாவது தாழ்ந்த சுரங்கள். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே ஏறத்தாழ 3.4 மீட்டர். அதை மறிக்க அகலமான தடுப்புப் பலகை வேண்டும். கூடத்தில் அவ்வளவு பெரிய பலகையை யார் நிறுத்துவார்கள்? ஆகவே பலகையை மடித்தார்கள், பெட்டி பிறந்தது. பின்புறம் திறந்த அக்கால ரேடியோப் பெட்டிகளின் கும்மென்ற முழக்கத்தில் பெட்டியின் சொந்தக் குரலும் கலந்திருந்தது.

பின் அலையை வீணாக்காமல், ஒரு துளை வழியாகத் திருப்பி முன் அலைக்குத் துணையாக்கும் முறைக்கு பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932இல் காப்புரிமை பெற்றார். ஆர்கன்சாவின் ஹோப் ஊரில் பால் கிளிப்ஷ் 1946இல் தொடங்கிய நிறுவனம் வேறு வழியில் போனது. அவரது மடித்த கொம்புப் பெட்டி அறையின் மூலையையே கொம்பின் நீட்சியாக ஆக்கிக்கொண்டது.

வீட்டில் செய்கிறவர்களுக்கு வாத்தியாராக வாய்த்தவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த கில்பர்ட் பிரிக்ஸ். துணி வணிகத்தில் இருந்தவர். 1932இல் இல்க்லி ஊரில் தம் வீட்டு நிலவறையில் வார்ஃப்டேல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1948இல் அவர் வெளியிட்ட ஒலிபெருக்கிகள் பற்றிய நூல் சாதாரண வாசகருக்கும் புரியும்படி எழுதப்பட்டது. அவருடைய மணல் பலகைதான் என்னை மிகவும் கவர்வது. இரண்டு ஒட்டுப்பலகைகளை இடைவெளி விட்டுப் பொருத்தி, நடுவில் உலர்ந்த மணலைக் கொட்டி நிரப்ப வேண்டும். பலகை அதிர முயன்றால் மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அந்த ஆற்றலைத் தின்றுவிடும். விலை உயர்ந்த தேக்கோ வால்நட்டோ தேவையில்லை. ஒரு கூடை மணல் போதும். இத்தனைக்கும் பிரிக்ஸ் பியானோவில் ஆழ்ந்த பற்றுள்ளவர், அதைப் பற்றித் தனி நூலே எழுதியவர். மரம் எப்படிப் பாடும் என்று அறிந்திருந்ததால்தான் அதை எங்கே பாடவிடக்கூடாது என்பதும் அவருக்குப் பிடிபட்டது என்று நினைக்கிறேன்.

1954இல் எட்கர் வில்ச்சர் பெட்டியை இறுக மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக்கினார். அலமாரியில் வைக்கத்தக்க சிறு பெட்டியிலிருந்து ஆழ்ந்த ஒலி வந்தது.

ஆனால் துளையுள்ள பெட்டி அப்போதும் ஊகத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. துளையை எவ்வளவு பெரிதாக வெட்டுவது, அதில் பொருத்தும் குழாயை எவ்வளவு நீளம் வைப்பது என்பதையெல்லாம் வெட்டிப் பார்த்துத்தான் கண்டார்கள். 1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் ஒரு கட்டுரையில் இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். 1971இல் அந்தக் கட்டுரை அமெரிக்க ஆய்விதழில் மறுபடி வெளியான பிறகே உலகம் அதைக் கவனித்தது. சிட்னியில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் அடுத்த ஆண்டுகளில் அதை விரித்தெழுதினார். தச்சுப் பட்டறைக்கு அதனால் கிடைத்த பயனை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். 50 லிட்டர் பெட்டி, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய். பெட்டி 40 ஹெர்ட்ஸில் ஒத்ததிர வேண்டுமானால் குழாயின் நீளம் சுமார் 22 சென்டிமீட்டர். அதையே 30 ஹெர்ட்ஸுக்கு இறக்க நினைத்தால் நீளம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டராகிவிடும். பெட்டிக்குள் நேராக அடங்குவதே சந்தேகம். மரத்தில் ரம்பம் படுமுன்பே காகிதத்தில் இது தெரிந்துவிடுகிறது. நல்ல பலகையை வீணடித்துவிட்டு வருந்தியவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். இந்தத் துறையில் ஆகப் பெரிய திருப்பம் இதுவே என்பேன்.

கடைசித் தெளிவு பிபிசியிலிருந்து வந்தது. பலகை தடிமனாக இருந்தால் நல்லது என்ற நம்பிக்கையை ஹார்வுட், மேத்யூஸ் இருவரின் 1977 ஆய்வறிக்கை அசைத்தது. தடித்த பலகையும் அதிரத்தான் செய்யும்; விறைப்பு கூடுவதால் அந்த அதிர்வு மேலேறி, காது கூர்மையாகக் கேட்கும் இடத்துக்கு வந்துவிடும். மெல்லிய ஒட்டுப்பலகையின் உட்புறத்தில் தார்ப்பூச்சு கொண்ட தகடுகளை ஒட்டினால் அதிர்வு கீழிறங்கி, விரைவில் தணிந்தும்விடும். பிபிசியின் எல்எஸ்3/5ஏ என்னும் ஐந்து லிட்டர் அளவேயான பெட்டி இதே முறையில் அமைந்தது. 12 மில்லிமீட்டர் பிர்ச் ஒட்டுப்பலகை, மூலைகளில் பீச் மரச் சட்டங்கள், உள்ளே தார்த் தகடு. வெளியே மட்டும், விரல் தடவிப் பார்க்கத் தூண்டும் மெல்லிய மரத்தோல்.