பர்மாப் போர்முனைக்குத் தோட்டத்துத் தங்கம்

1942 ஜனவரி 7, விடிவதற்கு முன்பே மலாயாவில் ஜப்பானிய டாங்கிகள் சுங்காய்க்குத் தெற்கே துரோலாக்கில் பிரிட்டிஷ் அரணை உடைத்துக்கொண்டு சிலிம் ரிவர் வரை பாய்ந்தன. அன்று சிதறியவை இந்தியப் படையின் 12-ஆம், 28-ஆம் பிரிகேடுகள். காட்டுக்குள் ஓடியவர்கள் போக மற்றவர்கள் கொத்துக் கொத்தாய்ப் பிடிபட்டார்கள். பட்டாளம் என்றால் வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போடுகிற வடநாட்டார் என்றிருந்த ரப்பர் தோட்டத்துத் தமிழ்ச் சனங்களுக்கு, பதினெட்டே மாதத்தில் அது சொந்தப் பிள்ளைகள் போகிற இடமாயிற்று.

1943 ஜூலை 2-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். இப்படிப் பிடிபட்ட சிப்பாய்களைக் கொண்டு உருவான இந்திய தேசிய ராணுவத்துக்கென்று 9-ஆம் தேதிக் கூட்டத்தில் அவர் கேட்டது மூன்று லட்சம் வீரர்களும் மூன்று கோடி வெள்ளியும். இந்திய சுதந்திர லீக்கின் கிளைகள் வழியாக அந்தக் கோரிக்கை மலாயாவின் ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாகப் போயிற்று.

தோட்டத்தில் கொடுக்க என்ன இருந்தது? ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய் வேலையும் கூலியும் சுருங்கியிருந்தன. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. சேலைக்கும் வேட்டிக்கும் பதில் சாக்கு. லயத்து ஆம்பிளைகளை ஜப்பானியர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனது இதே காலத்தில்தான். புழக்கத்திலிருந்த வாழைமர நோட்டை ஜப்பானியர்கள் இஷ்டத்துக்கு அச்சடித்துத் தள்ள, அதன் மதிப்பு இறங்கிக்கொண்டே போனது. மிஞ்சியது காதிலும் கழுத்திலும் கிடந்த பொன். கங்காணி கடனுக்கும் கள்ளுக்கடைக்கும் தப்பிச் சேர்த்தது அது. பெண்கள் அதைத்தான் கழற்றினார்கள். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்துப் பெண்ணான ஜானகி, போஸின் பேச்சைக் கேட்டுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த கதையை எல்லோரும் சொல்வார்கள். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்த அவரை மதிக்கத்தான் வேண்டும். ஆனாலும் அரைப் பவுன் தாலியைக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு மறுநாள் பால்மரம் சீவப் போன பெண்களின் கணக்கு தனி என்றே எனக்குப் படுகிறது.

எல்லாமே மனமுவந்து வந்துவிடவில்லை. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் செட்டியார்களையும் மற்ற வியாபாரிகளையும் கூட்டி வைத்துப் போஸ் கடுமையாகவே பேசினார்: போர்க்காலத்தில் தனிச்சொத்து என்று ஒன்று கிடையாது. சொத்தில் இத்தனை பங்கு என்று விதித்து வசூலித்ததும் உண்டு. இன்னொரு பக்கம், நன்கொடை தருவதாகச் செட்டியார் கோவிலுக்கு அழைத்தபோது, எல்லா மதத்தாரையும் சாதியாரையும் உள்ளே விட்டால்தான் வருவேன் என்றார். கோவில் திறந்தது, முஸ்லிம் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். பணம் வாங்க வந்தவர் நிபந்தனை போட்டது அந்நாளில் பெரிய பேச்சு! தோட்டத்துப் பையன்கள் படையில் சேர்ந்ததிலும் இப்படி இரண்டு பக்கம் உண்டு. நாட்டுப்பற்று ஒன்று. சீருடை போட்டால் சயாமுக்குப் பிடித்துப் போக மாட்டார்கள் என்பது மற்றொன்று.

1944 ஏப்ரலில் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி தொடங்கப்பட்டது. ஆனால் அதை ஒட்டிய மாதங்களில் இம்பால் முனையிலிருந்த நம் படையினர் பட்டினி கிடந்தார்கள். கையில் காசில்லாததால் வந்த பட்டினி இல்லை அது. சின்ட்வின் ஆற்றைத் தாண்டி மூட்டையைக் கொண்டுபோக லாரி இல்லை, வானத்தில் பாதுகாப்பு இல்லை, அனுப்புகிற பொறுப்பு ஜப்பானியர் கையில். மே மாதத்தோடு மழை பிடித்துக்கொள்ள, மலைப்பாதைகள் சேறாயின. கொஞ்சம் அரிசியும் காட்டுக் கீரையும்தான் சாப்பாடு; மலேரியாவுக்குக் கொயினா கிடையாது. முதல் டிவிஷனில் சண்டையில் இறந்தவர்கள் சுமார் 400, பசியிலும் நோயிலும் இறந்தவர்கள் சுமார் 1,500 என்பது பின்னர் போட்ட கணக்கு.

மூட்டை போய்ச் சேராத அந்தப் படைக்கு ஆதரவாகப் போய்ச் சேர்ந்தவர்கள் பெண்கள். டாக்டர் லட்சுமி தலைமையிலான ஜான்சி ராணிப் படையில் பெரும்பங்கு மலாயாத் தமிழ்ப் பெண்கள்; தோட்டத்திலிருந்து வந்தவர்கள் அதில் ஏராளம். துப்பாக்கிப் பயிற்சி பெற்றுப் பர்மா போன அவர்களில் பலருக்கு வாய்த்தது மேமியோவில் நர்ஸ் வேலை. இம்பாலிலிருந்து எலும்பும் தோலுமாய்த் திரும்பியவர்களுக்குக் கஞ்சி கொடுத்ததும் புண் கழுவியதும் அவர்கள்தான். திரட்டிய நிதியில் எத்தனை வெள்ளி யாருக்குப் போனது என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. மேமியோ வேலையைப் பற்றி அப்படி எந்த வாதமும் கிடையாது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைய, எல்லாம் முடிந்தது. வாழைமர நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதம். தாலியைக் கொடுத்தவர்கள் பழைய லயத்திலேயே இருந்தார்கள். அவர்களில் பலருடைய புருஷன்மார் சயாமிலிருந்து திரும்பவே இல்லை. 1946 மார்ச்சில் நேரு மலாயா வந்து பார்த்தார். அதே ஆண்டு இந்தியக் காங்கிரஸ் ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. இரண்டு வருஷமாய் இங்கிருந்து அங்கே என்று போய்க்கொண்டிருந்த உதவி, இப்போது டாக்டர்களும் மருந்துப் பெட்டிகளுமாக இந்தப் பக்கம் வந்தது.

(தொடரும்)