வண்டிக்காக வாங்கிய நிழல்

1961-இல் லண்டனில் கட்டடக் கலைஞர்களின் உலக மாநாடு கூடியது. அதையொட்டி நடந்த மாணவர் போட்டிக்கு எமிலியோ பெரெஸ் பின்யேரோ என்ற ஸ்பானிய இளைஞர் நடமாடும் நாடக அரங்கு ஒன்றின் மாதிரியைக் கொண்டுவந்தார். ஒரு கட்டுக் கம்பியாக ஒடுங்கியிருந்த அது, இழுத்துப் பிரித்ததும் அகன்ற கூரையாக நின்றது. ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவின் கூடவே அரங்கமும் லாரியில் போகட்டும் என்பது அவர் எண்ணம். இன்று கலிஃபோர்னியாவின் வீட்டு வாசல்களில், கார்களுக்கு மேலே விரியும் மடக்குப் பந்தலின் வம்சாவளியை எழுதினால் அந்த மாதிரிக்கு முன்வரிசையில் இடம் உண்டு.

இதன் சூட்சுமம் எளியது. இரண்டு பட்டைகளை நடுவில் ஓர் ஆணியால் கோத்தால் அவை கத்தரிக்கோலாக அசையும். அப்படிப் பல கத்தரிகளை நுனியோடு நுனி பூட்டிவிட்டால், ஒன்றை இழுக்கும்போது எல்லாம் சேர்ந்து விரியும். ஒன்றை ஒடுக்கும்போது எல்லாம் சேர்ந்து ஒடுங்கும். பொருத்தவேண்டிய உதிரிக் கம்பி எதுவும் கிடையாது. எனவே தொலையவும் எதுவும் கிடையாது.

நாடக அரங்குக்கு வந்த யோசனை சாமானியர் கைக்கு வந்து சேர்ந்தது 1980-களில். ஈ-இசட் அப் என்ற நிறுவனம் கலிஃபோர்னியாவில் 1983-இல் தொடங்கியது. சட்டென்று விரியும் மடக்குக் கூடாரத்துக்கான அமெரிக்கக் காப்புரிமை 1986-இல் மார்க் கார்ட்டருக்குக் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஜேம்ஸ் லிஞ்ச் என்பவரும் இதேபோன்ற சட்டகங்களுக்குக் காப்புரிமை பெற்றார். நான்கு மூலையிலும் நீட்டிச் சுருக்கும் கால்கள், அவற்றை இணைக்கும் கத்தரிப் பட்டைகள், கால் வழியே மேலேறி ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும் பிடி ஆகியவைதான் இன்றுவரை இதன் உடம்பு. இருவர் எதிரெதிர் பக்கம் நின்று இழுத்தால் ஓரிரு நிமிடத்தில் கூரை தயார்.

பந்தல் உடுத்தியிருக்கும் துணிக்கு வயது இன்னும் அதிகம். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டுபிடித்த பாலியெஸ்டர் அது. பருத்திக் கித்தான் மழையில் நனைந்தால் கனக்கும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். பாலியெஸ்டர் தண்ணீரை அதிகம் குடிக்காது. அதன்மேல் பாலியூரித்தேன் பூசி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்தும் சேர்த்தால் லேசான, மடிக்கத்தக்க கூரைத் துணி கிடைத்துவிடும்.

சந்தைக் கடை, கால்பந்து மைதான வாசல், மோட்டார் பந்தயத் திடல் என்று சுற்றிய இந்தப் பந்தல், வீட்டு வாசலிலேயே காரைக் கழுவி மெருகேற்றும் ‘டீட்டெய்லிங்’ தொழிலுக்குள் நுழைந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. அது காரின் பெயிண்டில் இருக்கிறது. 1980-களில் கார் நிறுவனங்கள் நிறப்பூச்சின் மேல் நிறமற்ற ‘கிளியர் கோட்’ ஒன்றைப் பூசும் முறைக்குப் பரவலாக மாறின. அதன் தடிமன் பொதுவாக 40 அல்லது 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. காரின் பளபளப்பு முழுவதும் அந்தப் படலத்தில்தான். டீட்டெய்லரின் தொழிலே அதைக் காப்பதும் மெருகேற்றுவதும்தான்.

வெயில் அந்தப் படலத்துக்குப் பல வகையில் எதிரி. கோடை நண்பகலில் கறுப்புக் காரின் பானெட் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அதன்மேல் ஷாம்பு நுரை பட்டால் அலசுவதற்குள் காய்ந்துவிடும். தண்ணீர் ஆவியாகும்போது அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளை வட்டங்களாகப் படியும். தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு வரும் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர் என்பதால் அங்கே இந்தத் தொல்லை அதிகம். சூடான தகட்டில் அந்த வட்டங்கள் பூச்சையே அரித்துப் பதிந்துவிட்டால் துடைத்தால் போகாது. பாலிஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். ஒவ்வொரு பாலிஷும் அந்த 50 மைக்ரானில் கொஞ்சத்தைத் தின்னும். செராமிக் கோட்டிங் என்ற காப்புப் பூச்சின் கதை இன்னும் கண்டிப்பானது. பூசிய பிறகு குறிப்பிட்ட நேரத்தில் துடைத்தெடுக்க வேண்டும். சூட்டில் அந்த நேரம் சுருங்கிவிடும். தவறவிட்டால் மேடுமேடாக இறுகிப்போகும்.

வறட்சியும் பந்தலின் தேவையைக் கூட்டியது. 2014 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் வறட்சி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த ஜூலையில், அடைப்பு முனை இல்லாத குழாயால் கார் கழுவத் தடை வந்தது. மீறினால் அபராதம் 500 டாலர் வரை இருந்தது. தெருவோர வடிகால்கள் பலவும் சுத்திகரிப்பு இல்லாமல் கடலுக்குப் போவதால், தொழிலாகக் கழுவுவோர் சோப்புத் தண்ணீரை அதில் விடவும் கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் மசகுக் கரைசலைக் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் அழுக்கை ஒற்றியெடுக்கும் முறைக்கு இந்தச் சூழல் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த மெல்லிய ஈரம் வெயிலில் நொடியில் பறந்துவிடும். துணி வறண்ட தூசியைத் தேய்த்துக் கீறல் போடும். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க நினைப்பவர் நிழலைத் தாராளமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எவ்வளவு நிழல்? பரவலாக விற்பது பத்தடிக்குப் பத்தடிப் பந்தல். சாதாரண செடான் காரே ஏறத்தாழ 16 அடி நீளம். பானெட்டை மூடினால் டிக்கி வெயிலில் கிடக்கும். எனவே டீட்டெய்லர்கள் பத்துக்கு இருபதடி அளவை விரும்புகிறார்கள். அல்லது இரண்டு பந்தல்களை ஒட்டி நிறுத்துகிறார்கள். அடுத்தது சூரியனின் நகர்வு. லாஸ் ஏஞ்சலஸில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வருகிறது. நிழல் நேராகக் காரின்மேல் விழும். மாலை நான்கரை மணி வாக்கில் அது 45 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது ஏழடி உயரத்தில் இருக்கும் கூரை விளிம்பின் நிழல் ஏழடி தள்ளி விழுகிறது. காரின் ஒரு பக்கம் முழுவதும் வெயிலில் நிற்கிறது. அனுபவசாலி காலையிலேயே இதைக் கணக்கிட்டு, பிற்பகல் சூரியன் வரும் திசையில் பந்தலைத் தள்ளி நிறுத்துகிறார் அல்லது மேற்குப் பக்கக் கதவுகளை முதலில் முடித்துவிடுகிறார்.

நிறமும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது. அடர்நிறத் துணி நன்றாக மறைக்கும். சிவப்பும் நீலமும் கீழே உள்ள எல்லாவற்றிலும் தங்கள் சாயலை ஏற்றி, பூச்சின் உண்மை நிறத்தை மாற்றிக் காட்டும். வெள்ளைத் துணி வெளிச்சத்தைப் பரவலாக உள்ளே விடும், ஆனால் அந்த மென்வெளிச்சத்தில் சிலந்தி வலைபோன்ற மெல்லிய கீறல்கள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வேலை நடக்கும்போது கையில் எல்இடி விளக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். முடிந்தபின் காரை வெளியே எடுத்து நேர்வெயிலில் ஒருமுறை சோதிப்பார்கள். செய்வதற்கு நிழல், சரிபார்ப்பதற்கு வெயில் என்பது இந்தத் தொழிலின் ஒழுங்கு.

பந்தலுக்குப் பெரிய ஆபத்து காற்றுதான். பத்தடிச் சதுரக் கூரையின் பரப்பு ஒன்பது சதுர மீட்டருக்கு மேல். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று முழுப் பரப்பையும் நேராக அறைந்தால் அதன் விசை 70 கிலோ எடைக்கு ஈடாகும். சட்டகத்தின் சொந்த எடையோ பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை. இலையுதிர் காலத்தில் பாலைவனப் பக்கமிருந்து வீசும் சாண்டா ஆனா காற்று இதைவிட வேகமானது. தார்த்தரையில் முளை அடிக்கவும் முடியாது. எனவே ஒவ்வொரு காலிலும் மணல் பையோ, தண்ணீர் நிரப்பிய கலனோ, கான்கிரீட் ஊற்றிய பிவிசி குழாயோ கட்டுகிறார்கள். கட்டாத பந்தலின் கால் ஒன்று கிளம்பினால் முதலில் விழுவது பக்கத்தில் நிற்கும் காரின்மேல். காற்று வலுத்தால் மடக்கிவிடுவதே முறை. வேலை நாளைக்கும் நடக்கும்.

இத்தனையும் வண்டிக்காக. ஆனால் அந்த நிழலில் ஒரு மனிதரும் நிற்கிறார். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. அந்தச் சிறு பந்தல் மட்டும் ஒன்பது கிலோவாட்டைத் தடுத்து நிறுத்துகிறது. காற்றின் சூட்டை அது குறைக்காது, ஆனால் முதுகில் நேராக விழும் வெயிலை எடுத்துவிடுகிறது.

வெயிலில் உழைப்பவருக்கு நிழல் உரிமை என்று கலிஃபோர்னியா எழுதிவைத்ததற்குப் பின்னால் சாவுகள் இருக்கின்றன. 2004-இல் அசுன்சியோன் வால்டிவியா என்ற திராட்சைத் தோட்டத் தொழிலாளி, 40 டிகிரி வெயிலில் பத்து மணி நேரம் பழம் பறித்துவிட்டு உயிரிழந்தார். அடுத்த கோடையிலும் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2005-இல், வெளிப்புறத் தொழிலாளர்களை வெப்பத்திலிருந்து காக்கும் விதிகளை அமெரிக்காவில் முதல் மாநிலமாகக் கலிஃபோர்னியா கொண்டுவந்தது. இன்று வெப்பம் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முதலாளி நிழல் அமைத்துத்தர வேண்டும். பொருள்களின் நிழல் தரையில் விழாத அளவுக்கு வெயில் மறைந்திருப்பதை நல்ல நிழலின் அடையாளமாக அந்த விதி சொல்கிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் உட்காருவது, ஏசி ஓடாதவரை, நிழலாகாது என்றும் தெளிவாகச் சொல்கிறது.

அந்த விதி தருவது ஓய்வுக்கான நிழல். வேலை நடக்கும் இடத்தின் மேலும் நிழல் வேண்டுமென்று அது கேட்கவில்லை. முதலாளி இல்லாமல் தனியாகத் தொழில் நடத்தும் டீட்டெய்லருக்கு அதுகூட இல்லை. அவருக்குக் கிடைக்கிற ஒரே பாதுகாப்பு, அடுத்தவர் காரின் பெயிண்டுக்காக அவர் சொந்தக் காசில் வாங்கிய பந்தல்தான்.

அதன் ஆயுளும் நீண்டதல்ல. புற ஊதாக் கதிர் துணியை மெல்ல மெல்ல நொறுங்கச் செய்கிறது. மழைநீர் குளமாகத் தேங்கிய பாரத்தில் கத்தரிப் பட்டை வளைந்துபோகும். மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் மூட்டு உடைந்தால் மொத்தமும் விரியாது. மூட்டும் பட்டையும் தனியாகக் கிடைக்கும் பந்தலை வாங்குபவர் அதைப் பல கோடைகளுக்கு ஓட்டலாம். மற்றவை சீக்கிரமே குப்பைக்குப் போகும். இரும்பும் அலுமினியமும் உருக்காலைக்குத் திரும்பும். பூச்சேறிய துணியை மறுசுழற்சி செய்வது கடினம்.

டீட்டெய்லிங் கட்டணம் பேசும்போது ஷாம்பு, வாக்ஸ், கோட்டிங் என்று பட்டியல் போடுகிறோம். பந்தலை இறக்கி, நிறுத்தி, எடை கட்டி, வெயிலோடு நகர்த்தும் நேரத்துக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி வேண்டும். காற்று எழும்பினால் வேலையைத் தள்ளிப்போட அவருக்கு வழி விடவும் வேண்டும். வெயில் ஏறுமுன் முடித்துவிடச் சொல்லி அவசரப்படுத்தும் வாடிக்கையாளருக்கு வண்டியும் கெடும், வேலை செய்பவரும் கெடுவார். நிழலுக்குக் கூலி கொடுப்பவருக்கு வண்டி மின்னும், அதை மின்னவைத்தவர் நல்லபடியாக வீடு போய்ச் சேருவார். பெயிண்டுக்கு எது நல்லதோ அதுவே ஆளுக்கும் நல்லதாக அமைவது எல்லாத் தொழிலிலும் நடப்பதில்லை; இங்கே நடக்கிறது என்பதால் அதை விட்டுவிடக் கூடாது.