சித்திரம் கீறின பிள்ளையளும் சென்ற் ஊர்பன் வீதியும்



மொன்றியலுக்கு 80களில் வந்து சேர்ந்த எங்களில் பலருக்குச் சென்ற் ஊர்பன் வீதியிலிருந்த அந்தப் பெரிய செங்கல் கட்டிடம் ஞாபகம் இருக்கும். சன் யூத் நிறுவனம் சாப்பாட்டுச் சாமானும் உடுப்பும் கொடுத்த இடம். என்னுடைய முதல் குளிர் ஜக்கெற் அங்கே வரிசையில் நின்று வாங்கினதுதான். அந்தக் கட்டிடம் முன்பு ஒரு பள்ளிக்கூடம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதுதான் பரன் பிங் உயர்தரப் பாடசாலை. 1921 இல் திறந்து 1980 இல் மூடப்பட்டது. அங்கே படித்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். கியூபெக்கில் அந்நாளில் கத்தோலிக்கருக்கு ஒரு பள்ளிச் சபை, புரட்டஸ்தாந்தருக்கு ஒரு பள்ளிச் சபை. யூதருக்கென்று ஒன்றுமில்லை. 1903 ஆம் ஆண்டுச் சட்டம் படிப்பு விஷயத்தில் அவர்களைப் புரட்டஸ்தாந்தராகக் கணக்கெடுத்தது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி. தகப்பன் தையல் வேலை, மகன் டொக்டராக வேண்டும் என்ற கனவு. எங்கட கதை போல இல்லையா? எழுத்தாளர் மொர்டெகாய் றிச்லர், கவிஞர் ஏர்விங் லேற்றன், 1992 இல் இரசாயனத்துக்கு நோபல் பரிசு பெற்ற றூடோல்ஃப் மார்க்கஸ் எல்லாரும் அங்கே படித்தவர்கள்தான்.

இந்தப் பிள்ளைகளுக்கு 1922 முதல் 1948 வரை, 26 வருடம், சித்திரம் படிப்பித்தவர் ஆன் சவேஜ். 1896 இல் மொன்றியலில் பிறந்தவர். முதலாம் உலகப் போரில் இரட்டைச் சகோதரனைப் பறிகொடுத்தவர். காயப்பட்ட படையினரைப் பார்த்து மருத்துவர்களுக்காகப் படம் வரைந்தவர். போர் ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கனடாவின் மதிக்கத்தக்க ஓவியர்களில் ஒருவராக இருந்தும், பள்ளிக்கூட நாளெல்லாம் பிள்ளைகளுக்கே கொடுத்து, மிஞ்சின நேரத்தில்தான் தன் ஓவியத்தைப் பார்த்தார்.

அந்தக் காலத்துச் சித்திர வகுப்பு என்றால் முன்னால் வைத்ததைப் பார்த்து அப்படியே கீறுவது. மிஸ் சவேஜ் அதை ஒதுக்கி வைத்தார். உனக்குத் தெரிந்ததைக் கீறு, நீ கண்டதைக் கீறு, வர்ணத்துக்குப் பயப்படாதே. இதுதான் அவர் வழி. அவரிடம் படித்த அல்பிரட் பின்ஸ்கி பின்னாளில் கொன்கோடியாப் பல்கலைக்கழக நுண்கலைப் பீடத்தின் முதல் பீடாதிபதியானார். இன்னொரு மாணவி லேயா ஷேர்மன், சித்திர ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியை அதே நிறுவனத்தில் வளர்த்தெடுத்தார்.

பள்ளிக்கு வெளியேயும் இந்த வேலை நடந்தது. சீனாவில் உயிர்விட்ட டொக்டர் நோர்மன் பெத்தியூனை நம்மவர் பலர் அறிவார்கள். அவர் 1936 இல் மொன்றியலில் தன் வீட்டிலேயே, ஜேர்மன் மொழி பேசும் குடியேறியான ஓவியர் ஃபிறிற்ஸ் பிராண்ட்னரோடு சேர்ந்து, ஏழைப் பிள்ளைகளுக்குச் சித்திர நிலையம் தொடங்கினார். அதே ஆண்டு அவர் ஸ்பெயின் போனபிறகும் வகுப்பு நிற்கவில்லை. 1937 இல் சேர்புறூக் வீதியில் இன்றைக்கு நுண்கலை அருங்காட்சியகமாக உள்ள இடத்தில் மிஸ் சவேஜ் சனிக்கிழமை வகுப்புகளை ஆரம்பித்தார். 40களில் ஆதர் லிஸ்மர் வந்து அதைப் பெரிதாக்கினார்.

எங்கட ஊரிலும் இது இல்லாமலில்லை. 1920களில் இலங்கையில் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாயிருந்த வின்சர், பிள்ளைகள் சுயமாகக் கீற வேண்டும் என்றவர். அவர் பெயரில் 1938 இல் யாழ்ப்பாணத்தில் சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். அந்த வழியில் வந்த மாற்கு மாஸ்ரர் பள்ளியிலும் விடுமுறை நாட்களிலும் இளையவர்களைச் சேர்த்துப் படிப்பித்தார். போரும் இடப்பெயர்வும் எங்கட பிள்ளையளிடமிருந்து அந்த வாத்திமாரையும் பறித்துவிட்டன.

இனி என் கதை. 1994 இல் என் மகளுக்கு 15 வயது. பள்ளிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. என்ன பிழை விட்டாளோ என்று பயந்துகொண்டு போனேன். சித்திர ரீச்சர் ஒரு படத்தை மேசையில் வைத்தார். எங்கட வீட்டுக் கிணற்றடி. துலா, வாழை, கயிறு அறுந்த வாளி. பக்கத்தில் வேலி எரிகிறது. ஊரை விட்டு வெளிக்கிடேக்க அவளுக்கு 7 வயது. அதுக்குப் பிறகு அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை அவள் வீட்டில் பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்றே நானும் தாயும் நினைத்திருந்தோம்.

நான் என்ன செய்தேன்? "படம் கீறிச் சோறு தின்னேலுமோ?" என்று கேட்டேன். அவள் கணக்கியல் படித்தாள். நல்ல உத்தியோகம், குறையொன்றுமில்லை. ஆனால் அதுக்குப் பிறகு அவள் ஒன்றும் கீறவில்லை. அந்தக் கிணற்றடிக்குப் பக்கத்தில் அவள் நின்ற மற்ற நாட்களை நான் அறியாமலே போய்விட்டேன்.

சித்திரம் படித்த பிள்ளைகள் எல்லாரும் ஓவியராவதில்லை. பரன் பிங்கிலும் அப்படித்தான். ஆனால் வாய் திறக்காத வயதில் மனதில் இருப்பதை வைக்க அவர்களுக்கு ஒரு இடம் கிடைத்தது.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளையளுக்கு ஒரு மணித்தியாலம் சித்திரத்துக்கு விடுங்கள். தாளும் வர்ணமும் வாங்கும் செலவில் என் பங்கை நான் தருகிறேன். என் பேரனும் வருவான். அந்தக் கிணற்றடிப் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அதையும் கொண்டுவந்து மாட்டலாம். மகளிடம் கேட்டுவிட்டேன், சரியென்றாள்.