அவலூரின் அவல்

அவலூர்பேட்டை என்றதும் வெளியூர்க்காரர் மனத்தில் எழுவது வெல்லமும் தேங்காய்த் துருவலும் கலந்து தின்னும் அவல்தான். பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே, விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் வட்டத்தில் இருக்கும் இந்த ஊரின் பெயரில் தின்னும் அவல் இல்லை என்பது என் துணிபு. அதில் இருப்பது மண்ணைப் பற்றிய ஒரு பழஞ்சொல். தண்ணீர் வந்து சேர்ந்து, வடிய வழியின்றி நிற்கும் தாழ்ந்த நிலத்துக்குத் தமிழர் வைத்த பெயர் அது.

தமிழில் அவல் இரண்டு. ஒன்று உணவு. நெல் குத்துவதை ‘அவைத்தல்’ என்பது பழைய வழக்கு. அவைத்துச் செய்தது அவல். பச்சை நெல்லை இடித்துச் செய்த பாசவல் சங்கப் பாட்டுகளில் வருகிறது. மற்றொன்று நிலம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இந்த இரண்டாம் அவலுக்குப் பள்ளம், விளைநிலம், குளம் என்று பொருள் தருகிறது. இந்த மூன்றையும் தனித்தனிப் பொருளாக நான் பார்க்கவில்லை. ஒரே நிலத்தின் மூன்று நிலைகள் அவை. பள்ளத்தில் ஈரம் தங்கினால் விளைநிலம். கரை போட்டுத் தேக்கினால் குளம்.

இந்த அவலுக்கு ஒரு துணைச்சொல் உண்டு: மிசை. மேடு என்று பொருள். புறநானூற்றின் 187ஆம் பாட்டில் ஒளவையார் நாடு, காடு, அவல், மிசை என்று நிலத்தை வரிசைப்படுத்தி, எது எப்படி இருந்தாலும் அங்கு வாழும் ஆடவர் நல்லவரானால் நிலமும் நல்லதுதான் என்கிறார். பாட்டின் அறத்தை மட்டுமே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அறத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட நில வகைப்பாட்டை யாரும் சொல்லவில்லை. நாடும் காடும் மனிதர் ஆண்ட விதத்தால் பிரிந்தவை. அவலும் மிசையும் தண்ணீர் நடந்துகொள்ளும் விதத்தால் பிரிந்தவை. ஐங்குறுநூற்றில் முல்லை பாடிய பேயனாரும் இதே இணையைக் கையாள்கிறார். மழை பெய்ததும் அவல்களில் தேரைகள் ஒலிக்கின்றன, மிசைகளில் பறவைகள் ஒலிக்கின்றன. தேரை எங்கே கத்தும் என்பது கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். தண்ணீர் ஓடும் இடத்தில் அல்ல, நிற்கும் இடத்தில்.

சரி, ஊர்ப்பெயரில் இருப்பது இந்த அவல்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? பெயரைப் பிரித்துப் பார்ப்போம். பேட்டை என்பது சந்தை கூடும் இடத்தைக் குறிக்கும் சொல். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் உறவுச் சொற்கள் வழங்குகின்றன. பழைய ஊரோடு வணிகம் சேர்ந்தபோது ஒட்டிக்கொண்ட பின்னொட்டு அது. அதை நீக்கினால் மிஞ்சுவது அவலூர். இதே வட்டாரத்தில், தென்பெண்ணைக் கரையில் ஒரு மணலூர்பேட்டை இருக்கிறது. இரண்டு பெயர்களும் ஒரே அச்சில் வார்த்தவை. மணல் கிடந்த ஊர் மணலூர், அவல் கிடந்த ஊர் அவலூர். சேறு நிறைந்தது சேற்றூர், பள்ளத்தில் இருப்பது பள்ளத்தூர், மேட்டில் இருப்பது மேட்டூர். ‘ஊர்’ என்ற சொல் மண்ணின் தன்மையோடு இப்படி இயல்பாகச் சேரும். தின்பண்டத்தின் பெயரோடு சேர்வது அரிது. ‘அவள் ஊர்’ என்று பிரித்து, பக்கத்தில் மேல்மலையனூரில் அங்காளம்மன் இருப்பதைக் காட்டுவோரும் இருக்கலாம். எழுத்து அதற்கு இடம் தரவில்லை. நடுவில் இருப்பது லகரம்.

இனி நிலத்தைப் பார்க்க வேண்டும். பெயர் சொல்வதை மண் மறுத்தால் சொல்லாராய்ச்சி வெறும் ஊகமாகிவிடும்.

செஞ்சிச் சீமை முழுவதும் பாறை நாடு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று கோட்டைக் குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. உருண்டு திரண்ட கருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. இடுக்குகளில் காடு பிடித்திருக்கிறது. கருங்கல் உடைந்து மண்ணாகும்போது மூன்றாகப் பிரிகிறது. கண்ணாடிபோல் இருக்கும் படிகக் கல் கரையாது, பருமணலாக நிற்கும். வெளிறிய களிமக் கல் நாள்பட நாள்பட நொய்ந்து களியாகும். காக்காய்ப்பொன் சிறு தகடுகளாக மினுங்கிக்கொண்டு கிடக்கும். மழை களியை முதலில் கழுவிக் கீழே கொண்டுபோகிறது. ஆகவே சரிவின் மேலே எஞ்சுவது சரளை. முரம்பு என்று சங்கப் பாட்டு சொன்னதும், மொரம்பு என்று இன்றும் பேச்சில் இருப்பதும் இதைத்தான். அடிவாரத்தில் சேர்வது களி. மேலே கொல்லை, கீழே கழனி. கொல்லையில் மல்லாட்டை போடுகிறவர் கழனியில் அதைப் போடமாட்டார். தண்ணீர் நின்றால் காய் அழுகும், இல்லையென்றால் நிலத்துக்குள்ளேயே முளைத்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது மலையின் மேலே இருக்கும் அவல்கள். சரிவான இடத்தில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று கேட்கத் தோன்றும். கருங்கல் தண்ணீரைக் குடிக்காது, காரணம் அவ்வளவுதான். மொட்டைப் பாறையில் விழும் மழை அப்படியே வழிந்து, பாறையில் எங்கே சிறு குழிவு இருக்கிறதோ அங்கே இறங்குகிறது. கூடவே களியும் சருகும் வருகின்றன. களி அடியில் படிந்து குழிவை அடைத்துவிடுகிறது. மேலே ஒரு சாணோ ஒரு முழமோ மண், கீழே ஓட்டையில்லாத கல். ஐப்பசி, கார்த்திகையில் அந்த மண்ணில் கால் வைத்தால் சதக்கென்று இறங்கும். பங்குனியில் அதே இடம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆணிவேர் இறங்க இடமில்லாததால் மரங்களின் வேர் பக்கவாட்டில் ஓடுகிறது. கல்லிச்சி போன்றவை பாறையையே தழுவிப் பிழைக்கின்றன. மண் சேராமல் தண்ணீர் மட்டும் நிற்கும் குழிவுக்குச் சுனை என்று பெயர். அந்தச் சுனைகள் இல்லாமல் ராஜகிரிமேல் யாரும் கோட்டை கட்டிக் குடியிருந்திருக்க முடியாது.

இந்த வட்டாரத்து மலைகளின் ஈரத்தைப் பற்றிப் பழைய சான்றும் இருக்கிறது. மலைபடுகடாம், செங்கண்மாவின் தலைவன் நன்னனைப் பாடியது. அவனுடைய நவிரமலை இன்று பர்வதமலை. பெருங்கௌசிகனார் கூத்தர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே போகும்போது, நுண்ணிய பாசி மூடியிருப்பதால் நிலம் கண்ணுக்குத் தெரியாமல் கால் வழுக்கும் இடங்களைக் குறித்து எச்சரிக்கிறார். நீர் வடியாத பாறைமண்ணைக் காலால் அறிந்தவர் சொன்ன எச்சரிக்கை அது. கோட்டைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அந்த ஈரத்தை வேறு விதமாக அறிந்தார்கள். 1750இல் பிரெஞ்சுத் தளபதி பியூசி செஞ்சியைப் பிடித்தான். 1761 வரை அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அன்று கர்நாடகம் எனப்பட்ட இந்தச் சீமையிலேயே உடம்புக்கு ஆகாத இடம் செஞ்சி என்று அந்தக் காலத்துப் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கிறார்.

நிற்கும் தண்ணீர் மண்ணை என்ன செய்யும்? செம்மண்ணின் சிவப்பு இரும்புத் துருவின் நிறம். துருவுக்குக் காற்று வேண்டும். மண்ணின் துளைகளில் தண்ணீர் நிரம்பி வாரக்கணக்கில் நின்றால் காற்று வெளியேறிவிடும். அப்போது மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மூச்சுக்காக அந்த இரும்பையே பயன்படுத்துகின்றன. துரு கரைகிறது, சிவப்பு போய்ச் சாம்பல் நிறம் வருகிறது. நீர் வடியாத களியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிறம். வேர் போன தடத்தை ஒட்டி மட்டும் செம்மஞ்சள் கோடு. அந்த மெல்லிய வேர்த்துளை வழியே காற்று நுழைந்த இடத்தில் இரும்பு மறுபடி துருவாகியிருக்கிறது.

இப்படி நிறம் மாறிய மண்ணுக்கு உலக மண்ணியலில் ‘கிளே’ என்று பெயர். அது உழவர் வாய்ச்சொல். ரஷ்ய அறிஞர் வைசோட்ஸ்கி 1905இல் அதை அறிவியலுக்குள் கொண்டுவந்தார். அவருக்கு முன்பே தொக்குச்சாயெவ் 1883இல் ‘செர்னோசம்’ என்ற நாட்டுச் சொல்லைத் தம் நூலின் தலைப்பிலேயே வைத்துவிட்டார். அவர்கள் ஊர்க் கரிசலின் பெயர் அது. 1935இல் ஜெஃப்ரி மில்ன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்ந்து, மேட்டில் சிவந்த மண்ணும் தாழ்வில் கறுத்த களியும் மாறி மாறி வருவது ஒரே தொடர்ச்சி என்று காட்டினார். அந்தத் தொடர்ச்சிக்கு லத்தீனில் சங்கிலி எனப் பொருள்படும் ‘கடீனா’ என்று பெயர் வைத்தார். உலகம் முழுவதும் மண்ணியல் மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். மில்ன் சொன்ன சங்கிலியின் இரு முனைகளுக்கும் நம்மிடம் பெயர் இருந்தது. மிசை ஒரு முனை, அவல் மறு முனை. அவற்றை அறிவியலுக்குக் கொடுக்க நம்மில் ஒரு வைசோட்ஸ்கி வரவில்லை என்பது என் ஆற்றாமை. தமிழ்நாட்டு மண்வகைகளுக்கு இருகூர், பீளமேடு என்று ஊர்ப்பெயர்கள் வைத்திருக்கிறார்கள். ஊரின் பெயர் மண்ணுக்குப் போயிற்று. மண்ணின் பெயராலேயே அமைந்த ஊரை யாரும் கவனிக்கவில்லை.

அவல் என்ற சொல் ஏன் வழக்கொழிந்தது? உணவின் பெயரோடு மோதியது ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிட முக்கியம், வடதமிழகம் ஏரி வெட்டி வாழக் கற்றபோது பள்ளத்தைக் கரையிட்டுத் தண்ணீரைத் தாங்கும் இடமாக மாற்றியது. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று பெயர்கள் பெருகின. ஏந்தல் என்று முடியும் ஊர்களும் வந்தன. தானாக நீர் நின்ற நிலத்தின் பெயர் மறைந்து, மனிதர் நீரை நிறுத்திய இடங்களின் பெயர்கள் மேலெழுந்தன. அவல் செய்த வேலையைத் தாங்கலும் ஏந்தலும் குட்டையும் பங்கிட்டுக்கொண்டன. பழைய சொல் ஊர்ப்பெயருக்குள் மட்டும் தங்கிவிட்டது.

சொல்தானே, போனால் என்ன என்று விட முடியவில்லை. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் தாழ்ந்த இடங்களெல்லாம் மூழ்கின. மறுநாள் டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து, பாறையும் சேறும் அடிவாரத்து வீட்டின்மேல் விழுந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். கல்லின்மேல் மெல்லியதாகப் படிந்த மண் தாங்கும் அளவுக்கு மேல் நீரைக் குடித்தால், நீர் கீழே இறங்க வழியில்லாமல் மண்ணே இறங்கிவிடும். மேலே நீர் வடியாத மண், கீழே நீர் வந்து சேரும் பள்ளம். இந்த இரண்டு இடங்களிலும் வீடு கட்டக்கூடாது என்ற அறிவு ஒரு காலத்தில் நிலத்தின் பெயரிலேயே இருந்தது. மனைப்பிரிவுப் பலகையில் ‘நகர்’ என்று எழுதும்போது அந்தப் பெயர் அழிகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அவலூர்பேட்டையைச் சுற்றியும், செஞ்சி, மேல்மலையனூர்ப் பக்கத்திலும் உள்ள பள்ளி ஆசிரியர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், ஊரில் பெரியவர்களோடு உட்கார்ந்து பேச நேரம் உள்ள இளைஞர்கள் ஒரு வேலையைத் தொடங்க வேண்டும். ஊர்ப்பெயரோடு நிற்காமல் கொல்லை, கழனி, பாறை, ஓடை ஒவ்வொன்றின் பெயரையும் புல எண்ணோடு சேர்த்து எழுதி வையுங்கள். எந்தப் பெயருக்குரிய இடத்தில் மழைக்காலத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.