தகவலைத் தவணையில் எடுக்கும் வழக்கம்

பெருங்கணக்கைச் சிறிய இடத்தில் வைத்துப் பார்க்கும் முறை கணினிக்கு மூத்தது. விருதுநகர் மண்டிகளில் மிளகாய்க்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் பேரேடு எழுதிய கணக்குப்பிள்ளை, ஒரு பக்கம் நிறைந்ததும் அடியில் மொத்தம் போடுவார். அதையே மறுபக்கத்தின் தலையில் எழுதிக்கொண்டு தொடர்வார். ஆண்டுக் கணக்கு எத்தனை நூறு பக்கம் ஓடினாலும் கண்முன் இருக்க வேண்டியது ஒரு பக்கமும் ஒரு மொத்தமும்தான்.

1960-களில் இந்திய ரயில்வே மண்டலங்களுக்கு வந்த ஐ.பி.எம். 1401 கணினியும் இப்படித்தான் வேலை செய்தது. அதன் நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்துகள். துளையிட்ட அட்டை ஒன்றைப் படிக்கும், சம்பளத்தைக் கணக்கிடும், அச்சடிக்கும், அடுத்த அட்டைக்குப் போகும். ஊழியர் பட்டியல் முழுவதையும் உள்ளே ஏற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. வரிசைப்படுத்த வேண்டுமானால்கூடச் சிறு சிறு பகுதியாக அடுக்கி, காந்த நாடாவில் எழுதி, பிறகு ஒன்றோடொன்று இணைத்தார்கள்.

தகவலை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புமுறைத் தரவுத்தளத்தின் அடிப்படையை எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார். டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் முன்வைத்த வினவல் மொழிதான் பின்னர் எஸ்.க்யூ.எல். ஆனது. அதில் ஒரே வாக்கியத்தில் லட்சம் வரிசைகளைக் கேட்கலாம். ஆனால் கேட்கும் நிரலுக்கு ஒரு நேரத்தில் ஒரு வரிசையைத்தான் கையாளத் தெரியும். இந்த இடைவெளியை அடைக்கப் பிறந்தது ‘கர்சர்’: திற, ஒன்றை எடு, அடுத்ததை எடு, மூடு. 1986-இல் அம்மொழிக்கு வந்த அமெரிக்கத் தர நிர்ணயத்திலேயே அதற்கு இடம் கிடைத்தது.

வழக்கம் மாறியது இணையத்தோடு. வலைப்பக்கங்களுக்கான நிரல்மொழி பி.எச்.பி.யும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் 1995-இல் வெளிவந்தன. ஒரு பக்கத்தில் இருபது வரிசை காட்டினால் போதும் என்பதால், விடை முழுவதையும் கேட்டவர் பக்கமே கொண்டுவந்து வைத்துவிடுவது இயல்பான அமைப்பாயிற்று. அதில் நியாயமும் உண்டு: சர்வர் சீக்கிரம் விடுபடும், வரிசை எத்தனை என்று உடனே தெரியும், அதே இணைப்பில் அடுத்த வினவலை அனுப்பலாம். பி.எச்.பி. ஸ்கிரிப்டுக்கான நினைவக வரம்பு முதலில் 8 எம்.பி., பிறகு 16, இன்று 128. வரம்பு உயர உயர, தவணையில் எடுக்கும் பழைய ஒழுங்கு மறந்தே போனது.

அதன் விளைவை விருதுநகர் மாவட்டத்தின் அளவிலேயே பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 19,42,288. ஆளுக்கு ஒரு வரிசை என்று ஓர் அட்டவணை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்டுக்குள் வரும்போது வரிசை ஒன்றுக்கு 1 கே.பி. பிடிக்கிறது என்று கொண்டால், மொத்தம் ஏறக்குறைய 1.9 ஜி.பி. வேண்டும். 128 எம்.பி. என்பது 13,42,17,728 பைட். அதில் அடங்குவது 1,31,072 வரிசை. ஐந்நூறு வரிசையை வைத்துச் சோதித்தபோது பழுதில்லாமல் ஓடிய ஸ்கிரிப்ட், முழு மாவட்டத்தையும் கேட்டதும் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கிலேயே நின்றுவிடும். இது வினவலின் பிழையன்று. விடையை வாங்கும் முறையின் பிழை.

2009-இல் வந்த பி.எச்.பி. 5.3 இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. அதுவரை பயன்பட்ட மைஎஸ்க்யூஎல் நூலகம் பிடித்துவைத்த விடை, பி.எச்.பி.யின் வரம்புக் கணக்கில் சேரவில்லை. புதிய உள்ளமைந்த இயக்கி அதையும் கணக்கில் சேர்த்தது. ஆண்டுக்கணக்காக ஓடிய ஸ்கிரிப்ட், ஓர் எழுத்தும் மாறாமலே, பதிப்பை உயர்த்திய அன்று விழக்கூடும்.

பழுது பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது, யாருடைய நினைவகம் தீர்ந்தது என்பது. வரம்பின் பைட் எண்ணோடு செய்தி வந்தால் ஸ்கிரிப்டினுடையது. செய்தியே இல்லாமல் ஸ்கிரிப்ட் மடிந்திருந்தால் லினக்ஸே அதைக் கொன்றிருக்கலாம். இயங்குதளப் பதிவில் தடயம் இருக்கும். தரவுத்தள சர்வரே திணறுவதும் உண்டு. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் வரிசைப்படுத்தும் ஒவ்வொரு படிக்கும் இயல்பாக 4 எம்.பி. ஒதுக்கீடு, அதைத் தாராளமாக உயர்த்திவிட்டு நூறு இணைப்புகளை அனுமதித்தால் சர்வர் தாங்காது. அடுத்து, ஸ்கிரிப்டில் ஆயிரம் வரிசைக்கு ஒருமுறை நினைவக அளவை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். வினவல் ஓடிய கணத்திலேயே அளவு எகிறினால் விடை மொத்தமாக வருகிறது என்று பொருள். சுற்றுக்குச் சுற்று மெல்ல ஏறினால், ஏதோ ஒரு பட்டியல் பழைய வரிசைகளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வரம்பை எடுத்துவிடுவதுதான் பலரும் முதலில் செய்வது. அது தீர்வாகாது; ஒரு ஸ்கிரிப்டோடு நின்றிருக்கும் விபத்து சர்வர் முழுவதையும் தொடும். சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் ஓர் அறைக்கு இத்தனை ஆள், இத்தனை மருந்து என்று வெடிபொருள் விதிகள் வரம்பு கட்டுவதும், செய்து முடித்த சரக்கை அவ்வப்போது அகற்றச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

சரியான தீர்வு பல நேரம் வினவலிலேயே கிடைக்கும். வட்டவாரியாக எத்தனை பேர் என்பதே கேள்வியானால், எண்ணும் வேலையைத் தரவுத்தளமே செய்யட்டும். மாவட்டத்தின் பத்து வட்டங்களுக்குப் பத்து வரிசை வந்தால் போதும். எல்லா வரிசையும் வேண்டுமென்றால், கடைசியாகப் பார்த்த வரிசையின் எண்ணுக்கு மேற்பட்ட ஆயிரம் என்று தொடர்ந்து கேட்கலாம். இத்தனை வரிசையைத் தாண்டிக் கொடு என்று கேட்பதைவிட இது மேல். தாண்டச் சொன்ன வரிசைகளையும் தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் படித்தே கழிக்கும். விடையைச் சேமிக்காமல் ஓடவிடும் முறையும் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் அப்படிச் செய்தால் விடை தீரும்வரை அதே இணைப்பில் வேறு வினவல் போகாது. இடையில் எதையாவது எழுத வேண்டுமானால் இரண்டாவது இணைப்பு வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸின் சி நூலகத்துக்கு வரிசை வரிசையாக எடுக்கும் வசதி 2012-இல், 9.2 பதிப்பில் வந்தது. ஜாவாவிலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸைக் கேட்பவர், ஒவ்வொரு வினவலையும் தானாக உறுதிசெய்யும் அமைப்பை (autocommit) நிறுத்தினால்தான், ஒரு தடவைக்கு இத்தனை வரிசை என்ற தவணை அளவு செல்லுபடியாகும்; இதைக் கவனிக்காமல் அளவை மட்டும் எழுதி ஏமாந்தவர்கள் ஏராளம்.

ஒரு வகைக்கு மட்டும் இவை எதுவும் உதவாது. ஸ்கேன் செய்த பத்திரம் முழுவதும் ஒரே புலத்தில் கிடந்தால், ஒரு வரிசையே வரம்பை மீறும். அங்கே புலத்தையே துண்டு துண்டாகப் படிக்க வேண்டும். அல்லது படத்தைக் கோப்பாக வெளியே வைத்து, அட்டவணையில் அதன் இருப்பிடத்தை மட்டும் எழுத வேண்டும்.