குருதிச்சோகை: வகைபிரித்த வரலாறு

பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் போசணைப் பிரிவு 2012இல் நடத்திய தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைப் பிள்ளைகளில் 15 வீதமானோருக்குக் குருதிச்சோகை இருந்தது. அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கே இரும்புச்சத்துக் குறைவு. மற்றவர்களுக்கு என்ன காரணம்? ஈமோகுளோபின் அளவு மட்டும் அதற்குப் பதில் தராது.

செங்குருதிக் கலத்தின் பருமனைக் கொண்டு சோகையை வகுக்கும் முறையை 1930களில் மக்ஸ்வெல் வின்ட்ரோப் உருவாக்கினார். கலம் சிறுத்தால் இரும்புக் குறைவு அல்லது தலசீமியா என்ற பரம்பரைக் குருதிநோய். பெருத்தால் போலேற்று அல்லது பி12 குறைவு என்று பெரும்பாலும் சந்தேகிக்கலாம்.

பெருங்கலச் சோகையின் வரலாறு தமிழ்நாட்டையும் தொட்டுச் செல்கிறது. பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகளை ஆராய்ந்த லூசி வில்ஸ், 1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். மார்மைட் கொடுத்ததும் அந்தச் சோகை மாறுவதைக் கண்டார். அதிலிருந்த போலேற்றே காரணம் என்பது பின்னரே தெரிந்தது. 1934-35 மலேரியாப் பேரழிவின்போது இலங்கையின் ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமான சூரியமல் இயக்கத்தின் தொண்டர்களும் மெலிந்துபோன கிராமத்தவருக்கு மார்மைட்டையே கொடுத்தனர். ஆனால் பி12 குறைந்தவருக்குப் போலேற்றை மட்டும் கொடுத்தால் குருதி தேறும், நரம்புச் சேதமோ தொடரும். பி12 பார்க்காமல் வைத்தியம் தொடங்குவது ஆபத்தாவது இதனால்தான்.

இரும்புக் குறைவுச் சோகைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அதற்கு ஒரு முக்கிய காரணமாக இருந்தது கொழுக்கிப்புழு. வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும் அது, குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சும். 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் ஒழிப்புத் திட்டம் தோட்டங்களில் தொடங்கியது. புழு மருந்தோடு மலகூட வசதியும் வேண்டியிருந்தது. அது இல்லாத இடத்தில் புழு திரும்பவும் தொற்றியது.

வைத்தியர் எளிதில் ஏமாறக்கூடியது தலசீமியா காவியிடம். 1925இல் தோமஸ் கூலி விவரித்த கடும் நோயின் மரபணுவில் ஒன்றை மட்டும் சுமப்பவர் அவர். கலம் சிறுத்திருப்பதைப் பார்த்து மாதக்கணக்கில் இரும்புக் குளிசை கொடுப்பார்கள். எந்த மாற்றமும் இராது. இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளில் 2 வீதத்துக்குச் சற்றுக் கூடியோர் பீற்றாத் தலசீமியா காவிகள் என 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. காவிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

எப்.பி.சி. (முழுக் குருதி எண்ணிக்கை) ரிப்போர்ட்டிலேயே ஒரு தடயம் உண்டு. காவியின் கலங்கள் சிறியவை, எண்ணிக்கையோ குறையாது. சராசரிக் கலப் பருமனைக் கல எண்ணிக்கையால் வகுத்து 13க்குக் கீழ் வந்தால் தலசீமியாவை நினைக்கலாம் என்றார் மென்ட்சர், 1973இல். உறுதிசெய்வது ஈமோகுளோபின் ஏ2 சோதனை. இரும்பு குறைந்திருந்தால் அந்த அளவும் தாழ்ந்து காவியை மறைத்துவிடலாம். ஆகவே முதலில் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் பார்த்து, இரும்பைச் சீராக்கியபின் மறுபடி சோதிக்கிறார்கள்.