தோளில் ஒரு கோடு: படைப்பிரிவு நிறங்களின் வரலாறு

புறத்திணையியல் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒரு நூற்பாவின் முன் சற்று நின்றுவிடுவது என் வழக்கம். சேரனின் படை பனம்பூவையும், பாண்டியனின் படை வேப்பம்பூவையும், சோழனின் படை ஆத்திப்பூவையும் சூடிச் சென்றதைத் தொல்காப்பியர் அங்கே குறிப்பிடுகிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் அழகன்று. பகைகொண்டு மோதும் வேந்தருள் யாருடைய படை எது என்று களத்தில் தெரிய வேண்டும் என்பதே காரணம். சூடியது பூவாயினும் அதன் வேலை சீருடையின் வேலை.

ஒருமுறை மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஐயா, ஒரே வேந்தனின் படைக்குள் வில்வீரர் யார், வேல்வீரர் யார் என்று எப்படிப் பிரித்தறிந்தார்கள்?" நூற்பாவில் அதற்கு விடை இல்லை. கையில் இருக்கும் ஆயுதமே சொல்லிவிடும் என்று கூறி அன்று சமாளித்தேன். ஆனால் துப்பாக்கி வந்தபின் காலாள் ஒவ்வொருவன் கையிலும் ஏறக்குறைய ஒரே ஆயுதம்தான். அப்போது அந்த மாணவரின் கேள்வி உண்மையான கேள்வியாகிறது. ஐரோப்பியப் படைகள் அதற்கு நிறங்களால் விடை சொல்லின. அவ்வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோது, நிறங்களின் பெருக்கத்தைவிட வேறொன்றே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. படைவீரனின் உடையிலுள்ள நிறம் யாருடைய கண்ணுக்காக என்பது காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. அம்மாற்றத்தைக் காணத் தவறியவர்கள் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

*

பதினேழாம் நூற்றாண்டுப் போர்க்களம் புகையால் ஆனது. கருமருந்துத் துப்பாக்கிகள் சில முறை சுட்டதும் வெண்புகை கவிந்து, ஐம்பது அடிக்கு அப்பால் நிற்பவன் யாரென்று தெரியாமல் போகும். எனவே உடை உரத்துக் கூவவேண்டியிருந்தது. 1645-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் அமைத்த புதிய படை செந்நிறச் சட்டையை எல்லோருக்கும் பொதுவாக்கியது. எல்லோரும் சிவப்பென்றால் அதற்குள் இன்னின்ன படையணி என்று பிரிப்பது எப்படி? அதற்கான வழி சட்டையின் உள்ளேயே இருந்தது. கனத்த கம்பளிச் சட்டைக்கு வேறு நிறத்தில் உள்துணி வைத்துத் தைப்பார்கள். கைநுனியையும் மார்பு விளிம்பையும் வெளிப்புறமாக மடித்தால் அந்த உள்துணி தெரியும். அந்த மடிப்பின் நிறமே படையணியின் அடையாளமாயிற்று.

அந்நாளில் படையணி என்பது ஏறக்குறைய அதன் கர்னலின் உடைமை. துணி வாங்குபவரும் நிறத்தைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே. படையணி அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. இதனால் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 1744-இல் ஃபிளாண்டர்ஸ் போர்முனையில் இருந்த இரண்டு ஆங்கிலப் படையணிகளின் கர்னல்கள் இருவர் பெயரும் ஹோவர்ட். 'ஹோவர்ட் படை' என்றால் எது? ஒன்றின் மடிப்பு பச்சை, மற்றொன்றின் மடிப்பு பதனிட்ட எருமைத்தோலின் வெளிர்மஞ்சள். ஆகவே ஒன்று 'பச்சை ஹோவர்ட்ஸ்' ஆயிற்று. மற்றொன்றுக்கு, அந்தத் தோல்நிறத்தின் ஆங்கிலப் பெயரால் வழங்கிவந்த 'பஃப்ஸ்' என்னும் பெயரே நிலைத்தது. 1751-இல் அரச ஆணை ஒன்று கர்னல்கள் தம் குலச்சின்னங்களைப் படையின் உடைமைகளில் பொறிப்பதைத் தடைசெய்து, படையணிகளின் வரிசை எண்ணையும் நிறத்தையும் முறைப்படுத்தியது. பிரபுவின் நிறமாக இருந்தது அரசின் நிறமாயிற்று.

படையணிக்குள் இப்படியென்றால், படையின் வகைகளுக்குள்ளும் வேறுபாடு வளர்ந்தது. பிரிட்டனின் காலாட்படை சிவப்பு. பீரங்கிப்படையோ கருநீலச் சட்டையில் சிவப்பு மடிப்பு அணிந்தது. பீரங்கிக்கரி படிந்தால் தெரியாது என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1851-இல் இதைத் தெளிவான விதியாக்கின: காலாட்படைக்கு வெளிர்நீலம், பீரங்கிப்படைக்குச் செஞ்சிவப்பு, டிரகூன் எனப்பட்ட குதிரைவீரருக்கு ஆரஞ்சு. சில ஆண்டுகளில் புதிதாக எழுந்த குதிரைப்படையணிகளுக்கு மஞ்சள் வந்து சேர்ந்தது. 1861-இல் குதிரையேறுவோர் எல்லோரும் ஒரே பிரிவாக்கப்பட்டபோது ஆரஞ்சு நீங்கி மஞ்சள் மட்டும் நின்றது. இங்கே நிறம் குறிப்பது படையணியை அன்று, படைவீரன் செய்யும் தொழிலை.

இம்முறையை அதன் எல்லைவரை கொண்டுசென்றது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு. 1914-இல் அதன் காலாட்படையணிகள் 102. அவற்றின் மடிப்பு நிறங்கள் 28. சிவப்பில் மட்டும் இளஞ்சிவப்பு முதல் செர்ரிப்பழச் சிவப்பு வரை பத்துச் சாயல்கள். நிறம் போதாதபோது பொத்தான் துணைக்கு வந்தது: ஒரே நிறமுடைய அணிகளில் ஒன்றுக்கு மஞ்சள் பொத்தான், மற்றொன்றுக்கு வெள்ளை. அதுவும் போதாதென்றால் உடையின் வெட்டு ஜெர்மானிய முறையிலா ஹங்கேரிய முறையிலா என்று பார்க்க வேண்டும். பல மொழி பேசும் மக்களைக் கொண்ட அப்பேரரசு தன் உள் வேறுபாடுகளையெல்லாம் ஒரு தையல்காரரின் பேரேட்டில் எழுதி வைத்திருந்ததுபோல் தோன்றுகிறது.

ஆனால் இத்தனை நுட்பமும் புகைக்கு நடுவே பயன்பட்டதா? எப்போதும் இல்லை. 1815 ஜூன் 18-ஆம் நாள் வாட்டர்லூவில், தாமதமாக வந்து சேர்ந்த பிரஷ்யர்கள் தம் கூட்டாளிகளான நாசாவ் படையினர்மீதே சுட்டார்கள். ஒன்றரை ஆண்டுக்கு முன்புவரை நெப்போலியனுக்காகப் போரிட்டவர்கள் அவர்கள். உடையும் பிரெஞ்சு உடையைப் போலவே இருந்தது. 1861 ஜூலை 21 அன்று புல் ரன் களத்தில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். தம்மை நோக்கி வந்த நீலச்சட்டைக்காரர்களைத் தம்மவர் என்று எண்ணி வடபுலப் பீரங்கியாளர்கள் சுடாமல் காத்திருந்தனர். வந்தவர்களோ வர்ஜீனியாவின் 33-ஆம் படையணியினர், தென்புலத்தார். நெருங்கி நின்று அவர்கள் சுட்ட ஒரே வீச்சில் பீரங்கியாளர்களும் குதிரைகளும் சரிந்தனர். நிறத்தை நம்பிய கண் ஒருமுறை நண்பனைக் கொன்றது, ஒருமுறை பகைவனைத் தப்பவிட்டது.

*

களத்தில் இவ்வளவு ஐயத்துக்குரிய நிறம், படைவீரர் உள்ளத்தில் மட்டும் ஐயத்துக்கு இடமின்றி வேரூன்றியிருந்தது. 1881-இல் பிரிட்டனின் போர் அமைச்சர் சில்டர்ஸ் படையணிகளைச் சீரமைத்தபோது நிறங்களையும் சுருக்கினார். இங்கிலாந்து, வேல்ஸ் படையணிகளுக்கு வெள்ளை; ஸ்காட்லாந்துக்கு மஞ்சள்; அயர்லாந்துக்குப் பச்சை; 'ராயல்' பட்டம் பெற்றவற்றுக்கு நீலம். நிர்வாகக் கண்ணுக்கு இது சிக்கனம். ஆனால் தோல்நிறத்தாலேயே பெயர் பெற்ற 'பஃப்ஸ்' படையணி வெள்ளைக் கைமடிப்போடு நின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள். பெயர் ஒன்று, உடை வேறொன்று. அவர்கள் 1890-இல் தம் நிறத்தை மீட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டுகளில் வேறு பல படையணிகளும் அவ்வாறே மீட்டன. பல தலைமுறைகளாக எந்த நிறத்தை அணிந்து மடிந்தார்களோ அதை ஓர் அரசாணை வெறும் துணியாகக் கருதுவதை அவர்களால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பற்றுக்கு எதிராக இன்னொன்று அப்போதே பிறந்திருந்தது. 1884-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் புகையற்ற வெடிமருந்தைக் கண்டார். 1886-இல் அதைப் பயன்படுத்தும் லெபெல் துப்பாக்கி பிரெஞ்சுப் படைக்கு வந்தது. புகை விலகியது. இனி அரை மைல் தொலைவிலிருந்தும் குறிபார்க்கலாம். தளபதிக்குத் தெரிய வேண்டும் என்று அணிந்த நிறம் இப்போது முதலில் தெரிவது பகைவனின் துப்பாக்கிக்கு.

இதற்கான மாற்று நம் துணைக்கண்டத்தில்தான் உருவாகியிருந்தது. 1846-இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் எழுப்பிய 'கைட்ஸ்' படை அடுத்த சில ஆண்டுகளில் மண்ணின் நிறத்தில் தோய்த்த துணியை அணிந்தது. புழுதி என்று பொருள்படும் 'காக்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து 'காக்கி' வந்தது. போயர் போருக்குப் பின், 1902-இல் பிரிட்டன் தன் படை முழுவதற்கும் காக்கியைக் களவுடையாக்கியது. ஜெர்மனி 1910 வாக்கில் சாம்பல் கலந்த பச்சைக்கு மாறியது. ஆஸ்திரிய-ஹங்கேரியும் சாம்பல் நிறத்துக்கு மாறி, தன் 28 நிறங்களையும் கழுத்துப்பட்டைத் துண்டுக்குள் அடக்கிக்கொண்டது.

மாறாது நின்றது பிரான்ஸ். 1829 முதல் அதன் காலாட்படைக்குச் செந்நிறக் காற்சட்டை. போர் அமைச்சராக இருந்த மெஸ்ஸிமி 1911-இல் இதை மாற்ற முயன்றபோது பத்திரிகைகளும் அரசியலாரும் கொதித்தெழுந்தனர். முன்னாள் போர் அமைச்சர் எடியென், செந்நிறக் காற்சட்டையும் பிரான்ஸும் வேறல்ல என்ற பொருளில் முழங்கினார். இதில் ஒரு கசப்பான முரண் உண்டு. அச்சிவப்பு ஒரு காலத்தில் பிரான்ஸின் தென்பகுதி வயல்களில் விளைந்த மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து கிடைத்தது. 1869-க்குப் பின் ஜெர்மானிய வேதியியல் செயற்கை அலிசரின் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அவ்வயல்கள் அழிந்தன. பிரான்ஸின் உயிராகப் போற்றப்பட்ட சிவப்பு, எந்த நாட்டோடு போரிடக் காத்திருந்தார்களோ அந்த நாட்டின் ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

1914 ஜூலையில்தான் பிரான்ஸ் புதிய துணிக்கு ஒப்புதல் அளித்தது. நீலம், வெள்ளை, சிவப்பு என்று தேசக்கொடியின் மூன்று நிற நூல்களையும் கலந்து நெய்யும் திட்டம் அது. ஆகஸ்டில் போர் வெடித்தது; படை பழைய உடையிலேயே களம் புகுந்தது. ஆகஸ்ட் 22 என்னும் ஒரே நாளில் ஏறத்தாழ 27,000 பிரெஞ்சு வீரர்கள் மாண்டனர். இயந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும், நெஞ்சை நிமிர்த்தித் தாக்கும் போர்முறையுமே இதற்கு முதன்மைக் காரணங்கள். காற்சட்டைமீது மட்டும் பழியைச் சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும் விளைந்த வயல்களின் நடுவே அந்தச் சிவப்பு பகைவனுக்கு உதவவில்லை என்றும் சொல்ல முடியாது. புதிய துணிக்குச் சிவப்புச் சாயம் இனி ஜெர்மனியிலிருந்து வராது. எனவே சிவப்பு நூலை விட்டுவிட்டு நெய்தார்கள். அடுத்த ஆண்டுகளில் பிரெஞ்சு வீரனின் அடையாளமாகிவிட்ட அந்த 'அடிவான நீலம்' ஒரு பற்றாக்குறையின் குழந்தை.

*

முழுச்சட்டையிலிருந்து மடிப்புக்கும், மடிப்பிலிருந்து கழுத்துத்துண்டுக்கும் ஒடுங்கிய நிறம் அதற்கும் கீழே போயிற்று. 1915-இல் ஜெர்மனி களவுடையை எளிமையாக்கியபோது நிறத்துக்கு விட்ட முதன்மையான இடம் தோள்பட்டையின் விளிம்புத் தையல். ஜெர்மானியர் இதை 'வாஃபன்ஃபார்பே' என்றனர். வாஃபன் ஆயுதம், ஃபார்பே நிறம். காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப்படைக்குச் சிவப்பு, பாலமும் கண்ணியும் அமைக்கும் பொறியாளர் படைக்குக் கறுப்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குதிரைப்படைக்குப் பொன்மஞ்சள், செய்தித்தொடர்புப் படைக்கு எலுமிச்சை மஞ்சள், மருத்துவப் படைக்கு நீலம், டாங்கிப் படைக்கு இளஞ்சிவப்பு என்று பட்டியல் நீண்டது. எண்ணெய்க்கறை தெரியாத கறுப்புச் சீருடையும் மண்டையோட்டுச் சின்னமும் அணிந்த டாங்கிப் படையினரை எஸ்.எஸ். அமைப்பினர் என்று பிறர் தவறாகக் கருதியதுண்டு. கழுத்துத்துண்டின் இளஞ்சிவப்பு ஓரத்தை அறிந்தவர்க்கே வேறுபாடு புரியும். இந்நிறங்களை இன்று மனப்பாடமாகச் சொல்லும் சேகரிப்பாளர்கள் பலர். ஒருவன் எந்தத் தொழில் செய்தான் என்பதை அந்த விளிம்புத் தையல் சொல்லும். கிழக்கு முனையின் ஊர்களில் அவன் என்ன செய்தான் என்பதை அது சொல்லாது. அட்டவணையின் ஒழுங்கில் மனம் மயங்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

பிரிட்டன் 1940-இல் இன்னொரு முறையைக் கொண்டுவந்தது. படையணிப் பெயர் பகைவனுக்குச் செய்தியாகிவிடும் என்பதால், பிரிவைமட்டும் சொல்லும் சிறு நிறத்துண்டு கையில் தைக்கப்பட்டது. காலாட்படைக்குச் செஞ்சிவப்பு, பீரங்கிப்படைக்குச் சிவப்பும் நீலமும், பொறியாளருக்கு நீலமும் சிவப்பும், செய்தித்தொடர்புக்கு நீலமும் வெள்ளையும். அத்துண்டின் நீளம் இரண்டு அங்குலம், அகலம் கால் அங்குலம். ஒரு காலத்தில் காலாள் உடல்முழுதும் போர்த்திய சிவப்பு கட்டைவிரல் அளவுக்கு வந்து நின்றது. தொலைவிலுள்ள பகைவனுக்கு அது தெரியாது. ஒரே அகழியில் தோளோடு தோள் உரசி நிற்பவனுக்கு மட்டும் தெரியும்.

நிறம் இவ்வளவு சுருங்கிய பின்னும் ஏன் மறையவில்லை? 1955-இல் தோன்றிய புதிய ஜெர்மானியப் படையும் பிரிவு நிறங்களை விடவில்லை. காலாட்படை பச்சையாயிற்று, டாங்கிப் படை இளஞ்சிவப்பிலேயே நின்றது. திரைகளும் மின்னணுக் கருவிகளும் படைகளைக் காட்டும் காலத்தில் களத்தில் இந்நிறத்துக்கு வேலையே இல்லை. ஆனால் எண்களால் ஆன பெரும்படைக்குள் 'நான் இன்னார்' என்று சொல்லிக்கொள்ள ஒரு வீரனுக்கு அது உதவுகிறது. பஃப்ஸ் படையினர் மீட்டது அதைத்தான். எடியென் காக்க முயன்றதாக எண்ணிக்கொண்டதும் அதைத்தான். முன்னவர்கள் கேட்டது தாங்கள் அணியும் நிறத்தை. பின்னவர் கேட்டது பிறர் அணிந்து சாக வேண்டிய நிறத்தை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிப் பாராட்டவோ பழிக்கவோ என்னால் முடியவில்லை.

அடுத்த முறை அந்நூற்பாவை நடத்தும்போது அந்தக் கேள்வியை நானே மாணவர்களிடம் கேட்பதாக இருக்கிறேன். மாலைக்குள் வாடிவிடும் பூவைச் சூடிப் போனவர்கள், அதை வேந்தனின் கண்ணுக்காகச் சூடினார்களா, பகைவனின் கண்ணுக்காகவா, அருகில் நின்றவனின் கண்ணுக்காகவா?